பிரிண்டர் இல்லாத மேசை

மார்ச் 3, திங்கள்
வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகியும் என் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் இணைப்பு தரவில்லை. ஒரு தாள் வேண்டுமென்றாலும் எதிர் மேசைக்கு ஃபைலை அனுப்பிவிட்டுப் போய் நிற்க வேண்டும். எங்கள் அறையில் இணைப்பு அந்த மேசைக்காரிக்கு மட்டும்தான். அவள் சலித்துக்கொள்வதே இல்லை. "அனுப்பு தங்கம்!" - கடைசி அறைவரை கேட்கும். மணிக்குரல் என்று பெயர் வைத்திருக்கிறேன், இந்த நோட்டில் மட்டும்.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். மாதக் கடைசியில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அவள் அம்மா கல்லூரிப் பேராசிரியர். என் அப்பாவும் கல்லூரிக்குள் போயிருக்கிறார், சுவர் கட்ட.

மார்ச் 4
பழைய பிரிண்டரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். புதியது வருமாம். யாருக்கு?

மார்ச் 5, புதன்
மணிக்குரலின் கம்ப்யூட்டரில் வேர்ட் திறக்கவில்லை. பெயர் மட்டும் திரையில் வந்து அப்படியே நிற்கிறது. சிஸ்டம் பார்க்கும் அண்ணன் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். அதே கதை. "வைரஸாத்தான் இருக்கும்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அவள் அறிக்கை போயாக வேண்டும்.

என்னுடையது மட்டும் உடனே திறக்கிறதே, ஏன்? சாப்பிடும்போது உறைத்தது. அவளுடையது, எடுத்துப் போன பிரிண்டரை இன்னும் தேடிக்கொண்டு நிற்கிறது! எனக்குத் தேட ஒன்றுமே தரவில்லையே.

வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 6
"உன் சிஸ்டத்துல ஒரு மணி நேரம் அடிச்சுக்கட்டுமா?"
"எனக்கும் அவசர வேலை இருக்கே."
பொய். காலிப் பக்கத்தில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வந்து, "இதைக்கூடச் சமாளிக்கத் தெரியலைன்னா எப்படிம்மா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படி உட்காருவது நான்தான், எப்போதும். அவளிடம் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி
சீக்கிரமே போனேன். எனக்கு முன்பே வந்து, அறிக்கையைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கொஞ்சம் நகரு."
பிரிண்டர் பட்டியலில் பழையதை நீக்கினேன். வேர்ட் திறந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"எப்படிடீ கண்டுபிடிச்ச?"
"புதன்கிழமையே தெரியும்."
ஏன் சொன்னேன்? பேசாமல் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே!

"அடிப்பாவி" என்றாள். சிரிக்கவில்லை.
மூன்று மணிக்கு அறிக்கை போய்விட்டது.

மார்ச் 14
ஒரு வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. மற்ற எல்லோரோடும் பேசுகிறாள். சத்தமாக.

மார்ச் 20
போனில் அப்பா, "நிரந்தரம் ஆயிடுச்சாம்மா?" என்றார். "இன்னும் இல்லப்பா." "ஆயிடும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மார்ச் 28
புதிய பிரிண்டர் வந்தது. அண்ணன் என் மேசைக்கும் இணைப்புக் கொடுத்தார். யார் சொன்னது என்று கேட்டேன். எதிர் மேசையைக் கை காட்டினார். அவள் நிமிரவில்லை.

மதியம் மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். நியமன ஆணை. அவள் பெயருக்கு.

அடித்தேன். எங்காவது தப்பு இருக்கிறதா என்று மூன்று முறை தேடினேன். இல்லை. என் மேசையிலிருந்து போன முதல் தாள். எடுத்தபோது சூடாக இருந்தது. ஆறுவதற்குள் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.