இருபதுக்கு ஏழு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெக்கை. கடல்காற்று பதினொரு மணிக்குத்தான் வந்தது. செய்ய வேண்டியது: யூனிஃபார்ம் தேய்க்க, செருப்பு தைக்க, கேஸ் புக் முடிக்க.

கேஸ் புக்கை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நர்சிங் கடைசி வருடம். என் கையால் இருபது பிரசவம் பார்த்து எழுதியிருந்தால்தான் பரீட்சைக்கு விடுவார்கள். பார்த்தது ஆறு. மீதிக்கு எங்கே போக? கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. அனுப்புகிற இடத்தில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினாறு பேர். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் முன்னால், பச்சை பெல்ட் கட்டின நர்சிங் பிள்ளைகள் நாங்கள் சுவரோரம். "ஏய் பச்சை பெல்ட், இந்த ரத்தத்த லேபுக்குக் கொண்டு போ." லேபுக்கு நடந்த நடைக்குத் திருச்செந்தூர் போய்த் திரும்பியிருக்கலாம்.

டியூட்டர் மேடத்திடம் சொன்னேன்.

"இதுக்கு என்னத்துக்குளா மூஞ்சியத் தூக்குத? சீனியர் புக்க வாங்கி எழுது. வருசா வருசம் எல்லாரும் எழுதுததுதான்."

வாங்கினேன். எழுதினேன். பதினாலு பொய். அதில் ஒருத்தி மாரியம்மாள், வயது 26, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, சரிசெய்யப்பட்டது. சீனியருக்குச் சீனியர் புக்கிலும் இதே மாரியம்மாள், இதே 26. வருடா வருடம் பெறுகிறாள், வயதுதான் ஏறவில்லை. ஹாஸ்டல் ரூமில் கூடத் தங்கியிருக்கும் ஜெனிட்டா சிரித்து உருண்டாள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா திருவிழா. ஊருக்கே லீவு. நான் மட்டும் வார்டுக்கு. கூட்டம் இல்லாத நாளில் ஒரு கேஸாவது கைக்கு வராதா என்ற நப்பாசை. ஆலந்தலையிலிருந்து போனில் அம்மா சத்தம்: "மாதா பூசைக்குப் போவாம அங்கன என்னளா வேல?"

நினைத்தபடியே, சுற்றி யாரும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு அக்கா. ஆறுமுகநேரி, உப்பளத்தில் வேலை, இரண்டாவது பிள்ளை. ஸ்டாஃப் சிஸ்டர் பக்கத்தில் நிற்க, நான் பிடித்தேன். பெண். உடனே அழுதது. ஏழு!

நஞ்சுக்கொடி விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை.

"ஏளா, வயித்தத் தேயி! ஊசி எடு!"

எந்த ஊசி, எவ்வளவு, எல்லாம் மனப்பாடம். நேற்றுதானே வரி வரியாக எழுதினேன். கை ஓடவில்லை. முன்னே பார்த்த ஆறு பேருக்கும் கர்ப்பப்பை கல்லு மாதிரி கைக்கு அகப்பட்டது. இங்கே கொழகொழ. எங்கே பிடிக்க, எவ்வளவு அழுத்த? எழுதினவளுக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் என்னைத் தள்ளிவிட்டுக் கையை வைத்தார். டாக்டர் ஓடி வந்தார். இருபது நிமிடம். நின்றது. அக்கா பிழைத்தாள். உதட்டில் நிறமே இல்லை. என்னைப் பார்த்து, "பிள்ளையக் காட்டுங்க சிஸ்டர்" என்றாள். சிஸ்டராம், நான்!

ஸ்டாஃப் சிஸ்டர் திட்டவில்லை. "இதுக்கு முன்ன எத்தன பாத்துருக்க?"

"ஆறு, சிஸ்டர்."

"புக்குல எத்தன?"

கை கழுவிக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தூக்கமில்லை. மேடம் மேல் கோபம், கல்லூரி மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல். பதினாலு பக்கத்தையும் கிழித்தேன். ஏழோடு புக்கைக் கொடுத்தேன்.

மேடம்: "கிறுக்கு பிடிச்சிருக்கா? பரீட்ச எழுத முடியாது. ஆறு மாசம் போயிரும்ளா."

"போவட்டும் மேடம். அந்த ஆறு மாசமும் லேபர் வார்டுல நிக்கேன்."

"ஒன் ஒருத்தியால காலேஜ் பாஸ் பர்சென்டேஜ் கொறையும், தெரியுமா?"

ஓ. அதுதான் விஷயம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹால் டிக்கெட் வந்திருக்கிறது. எனக்கு! ஆபீசில் போய்ப் புக்கை வாங்கிப் பார்த்தேன். இருபது கேஸ். புதுப் பக்கங்கள், மேடத்தின் எழுத்து, ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து. நாசமாய்ப் போக! கேட்டதற்கு, "ஒனக்கு நல்லது செஞ்சா வலிக்கோ?" என்கிறார்.

ஜெனிட்டா: "சும்மா கெடளா. பாஸாயிட்டு வேலைக்குப் போயிப் படிச்சிக்கிடலாம்."

யார் வயிற்றில் படிக்க?

வார்டு, மூன்று நாள். கேஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. லேபுக்கு ஒன்பது நடை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பிராக்டிகல். வெளியூர் எக்ஸாமினர், வயதான அம்மா, மெதுவான பேச்சு. டியூட்டர் மேடம் அவர் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்றார். எக்ஸாமினர் என் புக்கைப் புரட்டினார்.

"ரத்தப்போக்கு கேஸே நாலு பாத்திருக்கியே, கெட்டிக்காரிதான். சொல்லு, மொதல்ல கை எங்க வைப்ப?"

மனப்பாடம் தொண்டை வரை வந்தது.

"ஏழு பிரசவந்தான் மேடம் நான் பாத்தது. மத்தது என் எழுத்தே இல்ல. ரத்தம் போனப்ப என் கை ஓடல. எங்க வைக்கணும்னு நீங்க காட்டித் தாங்க."

எக்ஸாமினர் பேனாவை மூடினார். டியூட்டர் மேடத்தை வெளியே போகச் சொன்னார். பிறகு எழுந்து, மேஜையில் கிடந்த பயிற்சிப் பொம்மையின் வயிற்றில் என் கையைப் பிடித்து வைத்து, வலிக்கிற மாதிரி அழுத்தினார்.