வழுக்கைத் தலைக்கும் ஷாம்பு

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேரவில்லை. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அம்மாவின் நினைவு நாளுக்குப் பேப்பரில் படம் போடலாம் என்றேன், அக்கா கேட்கவில்லை. படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அம்மா கேட்டது ஒன்றுதான், யாராவது தலையை அலசி விடுங்களேன் என்று. ஆளில்லை என்று கைவிரித்த அதே மருத்துவமனைக்குப் போய், எழுந்திருக்க முடியாதவர்களுக்கு நாமே அலசிவிடலாம் என்றாள். அந்த வாசலையே மிதிப்பதில்லை என்றிருந்தவன் நான், அதையாவது விழுங்கிக்கொண்டேன். மாமா வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்றாள் பார், அதுதான் தொண்டையில் நின்றது. தன் கூடப்பிறந்தவள், உன் அம்மா, மாதக்கணக்கில் கிடந்தபோது இரண்டே தடவை எட்டிப்பார்த்த மனுஷன். என் பொருட்டு நீயும் அவரோடு பேச்சை நிறுத்தினாய், அதில் எனக்குத் திருப்திதான்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பெண்கள் வார்டில் அக்கா, ஆண்கள் வார்டில் காற்றடைத்த ரப்பர் தொட்டியோடு நானும் மாமாவும். காதில் பஞ்சு வைக்காமல் முதல் ஆளுக்கே தண்ணீரை ஊற்றிவிட்டேன், அவர் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். மாமா குவளையை வாங்கிக்கொண்டார். பிடரிக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, கண்ணில் ஒரு சொட்டுப் படாமல், விரல் நுனியால் தேய்த்துவிட்ட அந்தப் பொறுமை எனக்குப் பத்துப் பிறவி எடுத்தாலும் வராது. அடுத்த கட்டிலில் ஒருவர், பளபளவென்று வழுக்கை. அவரைத் தாண்டி நகர்ந்ததும், ஏன்யா, முடி இல்லைன்னா எனக்குத் தலையும் இல்லையா என்று ஒரு சத்தம். மாமா திரும்பி வந்து, மன்னிச்சுக்கங்க அண்ணே, ஷாம்பு ஒரு கை போதுமா, ரெண்டு போடட்டுமா என்று கேட்டு, அந்த வழுக்கைக்கும் நுரை பொங்க அலசிவிட்டார். வார்டே சிரித்தது, நானும் சிரித்துத் தொலைத்தேன். கிளம்பும்போது பெண்கள் வார்டு வாசலில் நின்று அம்மாவின் ஜன்னலோரக் கட்டிலையே பார்த்தார். அவ இப்படிக் கிடக்கிறதைப் பாக்க அப்ப எனக்குக் காலே வரல அத்தான் என்றார்.

கோபம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, அது இருக்கிறது. ஆனால் அவ்வளவு நல்ல கையுள்ளவரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரச்சொல்லியிருக்கிறேன்.

இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் நன்றாயிருங்கள். மாமாவுக்கு இந்த வாரமே போன் செய். நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா