மதில் மேல் வைத்த கிளாஸ்

கில்ப்ரேடி
20 ஜனவரி 2012

ஃபின்டன் கெரட்டி அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் பேனா போனது, நிறுத்திக்கொண்டேன். நீங்கள் என் ஞானத்தகப்பன் என்பதால் வந்த வழக்கம் அது. என் ஞானஸ்நானப் படத்தில் என்னைக் கையில் ஏந்தி நிற்பது நீங்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படம் எதிலும் நீங்கள் இல்லை.

நேராகவே கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க உங்களை யார் கூப்பிட்டது? ஆறு பேரை நான்தான் சொல்லி வைத்திருந்தேன். கடை வாசலில் பெட்டியை நிறுத்தி மறுபடி தூக்கும்போது டின்னிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர் விலகிய இடத்தில், எதிர் மதிலிலிருந்து இறங்கி வந்து நீங்கள் நின்றுகொண்டீர்கள். கோவில் வரை இறக்கவேயில்லை. என் கையில் என் குழந்தை ரோனன் இருமிக்கொண்டிருந்தான். அப்பா போகும் வழியில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இருபத்து நான்கு வருடமாக அப்பா தன் மதுக்கடைக்குள் விடாத ஒரே மனிதர் அவரைச் சுமந்து போனதை ஊரே பார்த்தது.

உங்களை விரட்டிய அன்று எனக்கு நாலு வயது. அப்பா குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “வெளிய போடா ஃபின்டன். நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத.” ஆனால் அன்று மாலையே ஒரு கிளாஸ் கறுப்பு பீரை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து உங்கள் மதில் மேல் வைத்தார். அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு. வளர்ந்த பிறகு கேட்டிருக்கிறேன். “உள்ள வரக் கூடாதுன்னுதான சொன்னேன். தொண்ட காஞ்சு சாகணும்னா சொன்னேன்?” என்றார்.

அவர் அப்படித்தான். நுரை அடங்காத கிளாஸை யார் கையிலும் கொடுக்கமாட்டார். அடங்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் வந்தவனிடம் ஒரு கேள்வி கேட்பார்: மாடு கன்று போட்டதா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி, தம்பியோடு பேசுகிறாயா. பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மீதியை ஊற்றுவார். இந்த ஊரில் பாதிப் பேர் உண்மை பேசியது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

அவருக்கு இரக்கம் இருந்தது. எனக்கு இல்லை. கடை இப்போது என் பெயரில். மதிலுக்கு இனிமேல் கிளாஸ் வராது.

பிப்ரவரி 12, ஞாயிறு, அப்பாவின் மாத நினைவுத் திருப்பலி. முடிந்ததும் ஊர் கடைக்கு வரும், நான் அவரைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அப்படிப்பட்டவரே வாசலை மூடும்படி நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்கள்?

பதிலை மதிலில் கல்லுக்கு அடியில் வையுங்கள். நேரில் பேச எனக்கு விருப்பமில்லை.

டெர்வ்லா

*

கரிநிலச் சாலை
24 ஜனவரி

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு,

மகள் என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன்னை முழுக்காட்டிய தண்ணீர் சில்லென்று இருந்ததற்கு நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் சட்டையைத்தான் பிடித்திருக்கிறாய்.

தோள் கொடுத்தது தப்புதான். யாரும் கூப்பிடவில்லை. டின்னி விலகினான், கால் தானாக வந்துவிட்டது. இன்னொன்றும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் அதற்கு வேறு கோபப்படுவாய். திங்கட்கிழமை குழி தோண்ட ஆள் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை புது மண் திறந்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. நீ காலேஜில் படித்தவள், இதெல்லாம் நினைவில் இருக்காது. ஞாயிறு மத்தியானமே நான் போய் உன் அப்பா மலாக்கியின் கல்லறை இடத்தில் ஒரு கட்டி புல்லைப் புரட்டி வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறே திறந்ததாகக் கணக்கு. உன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால்தான்.

கிளாஸ் வராததில் எனக்குக் குறை இல்லை. கொஞ்சம் இருக்கிறது. நேற்று மழையில் வெறுங்கையோடு அரைமணி உட்கார்ந்திருந்தேன். டின்னி கடைச் சன்னலைத் திறந்து, “என்ன ஃபின்டன், பஸ்ஸுக்கா? நம்மூருக்கு எழுவத்தாறுலயே பஸ் நின்னுபோச்சேப்பா” என்கிறான். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். மலாக்கி இருந்தால் அவனும் சிரித்திருப்பான், பிறகு ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து என் தலையில் போட்டிருப்பான்.

நீ கேட்டதற்கு மட்டும் என்னால் பதில் எழுத முடியாது. உன் அப்பாவுக்குச் சொல் கொடுத்திருக்கிறேன். குழந்தையின் இருமலுக்கு நெஞ்சில் வெதுவெதுப்பாகத் துணி வை.

உன் ஞானத்தகப்பன்
ஃபின்டன்

*

கில்ப்ரேடி
1 பிப்ரவரி

ஃபின்டன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தொட்டிலுக்கு மூன்று முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். திங்கட்கிழமையாவது மண்ணாவது என்று சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் அந்தப் புல்லைப் புரட்டியது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியை நீங்கள் கொடுத்ததற்கும் சேர்த்துத்தான் உங்களை வெறுக்கிறேன்.

சொல் கொடுத்தேன் என்கிறீர்கள். சரி, எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

இந்த ஊரிலிருந்து மூன்று பேர் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு லெபனானுக்குப் போனீர்கள். அப்பா, நீங்கள், லோர்கன் ஹெஃபர்னன். 1983 அக்டோபரில் லோர்கன் பெட்டியில் வந்தான். அவன் போய் மூன்றே வாரம். அனுபவமில்லாதவனை விடியற்காலைக் காவலுக்குத் தனியாக நிறுத்தியது அப்பா என்று விசாரணையில் முடிவானது. காவல் பட்டியல் அவர் கையெழுத்தில் இருந்தது. அவருடைய பதவிப் பட்டையைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வசந்தத்தில் நான் பிறந்தேன். வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு ரொட்டிக்கடை வரிசையில் நின்ற அம்மாவின் காதுபடச் சொன்னார்களாம், “அந்தப் பிள்ளையக் கொன்னவன் பொண்டாட்டிக்கு முதல்ல குடுத்து அனுப்பு, இங்க நிக்க வேணாம்.” பிறந்த என்னைப் பார்க்க ஒரு வீடு வரவில்லை. எனக்கு மூன்று வயதில் அம்மா லீட்ஸில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை. அங்கேயே செத்தும் போனாள்.

லோர்கனின் அம்மா டீலியா அத்தை ஐந்து வருடம் கழித்து ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கடைக்குள் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் ஊர் வந்தது. அப்பாவை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது அவர் மன்னித்த பிறகுதான். இன்று வரை ஒரு ஞாயிறு தவறியதில்லை. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் லோர்கனின் படத்துக்குக் கீழேதான் உட்காருவார்.

போன ஞாயிறும் வந்தார். ரோனனை மடியில் வாங்கிக்கொண்டார்.

“உங்கப்பன மன்னிக்க எனக்கு அஞ்சு வருசம் புடிச்சுது கண்ணு. ஒவ்வொரு நாளும் எந்திரிச்சு மன்னிக்கணும். மறுநா மறுபடி.”

“தெரியும் அத்தை.”

“ஒண்ணுதான் புரியல. நான் முத முதல்ல இங்க வந்த அன்னைக்குத்தான் அந்த ஃபின்டன வெளிய தள்ளுனாரு. நான் உள்ள, அவன் வெளிய. இத்தன வருசத்துல எம் மூஞ்சிய அவன் ஒருதரம் நேரா பாத்ததில்ல. நான் என்ன பண்ணேன் அவன?”

நீங்கள் அப்பாவுக்குத் துரோகம் செய்தீர்கள் என்று நினைத்திருந்தேன். கடை வாசலை அவர் மூடியது வேறு எதற்கோ என்று இப்போது தோன்றுகிறது.

பத்தாம் தேதிக்குள் எழுதுங்கள். எழுதாவிட்டால் பன்னிரண்டாம் தேதி டீலியா அத்தையைக் கைபிடித்து மதிலுக்குக் கூட்டிவந்து, “நீங்களே கேளுங்க” என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.

டெர்வ்லா

*

கரிநிலச் சாலை
6 பிப்ரவரி

டெர்வ்லா,

நாலு தாள் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

அன்று விடியற்காலைக் காவல் என்னுடையது.

முந்தின நாள் கீழே கிராமத்தில் ஒரு கல்யாணம். அரக் என்ற சாராயம் நிறையக் கொடுத்தார்கள். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. லோர்கன்தான் எழுப்ப வந்தான். “ரெண்டு மணி நேரம் நில்லுடா, அப்புறம் நான் வர்றேன்” என்றேன். “நீ தூங்கு ஃபின்டன், எனக்கும் சூரியன் வர்றதப் பாக்கணும்” என்றான். துப்பாக்கிச் சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

மலாக்கி எனக்கு முன்னால் ஓடியிருந்தான். அவன் லோர்கனைப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பும்போது நான் என் துப்பாக்கி முனையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கியைப் பிடுங்கினான். பிறகு சொன்னான்: “ஒரு பொட்டியோட ஊருக்குப் போறதே என்னால முடியுமான்னு தெரியல. ரெண்டு பொட்டியோட போக மாட்டேன்டா.” பட்டியலை எடுத்து என் பெயர் இருந்த தாளைக் கிழித்தான். புதுத் தாளில் லோர்கன் பெயரை எழுதினான்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது. விசாரணையில் சொல்லவில்லை, ரொட்டிக்கடை வரிசையில் உன் அம்மாவுக்குப் பின்னால் நானும் நின்ற அன்று சொல்லவில்லை. ஆமாம், நானும் நின்றேன்.

டீலியா கடைக்கு வந்த ஞாயிறு, நான் பின்வாசலுக்கு ஓடினேன். மலாக்கி வந்தான். “சொல்லிடறேன், இப்பவே உள்ள போயி சொல்லிடறேன்” என்றேன். அவன் என் காலரைப் பிடித்தான். “அஞ்சு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் அந்தப் பொம்பள நம்மள்ல ஒருத்தனோட ஒரே அறையில உக்காந்திருக்கா. மறுபடி மொதல்லருந்து அவள ஆரம்பிக்க வெக்காத.” சரி, சொல்லவில்லை, ஆனால் அந்த அம்மா முன்னால் என்னால் உட்கார முடியாது, வராமல் இருந்தால் ஊர் ஏன் என்று கேட்கும் என்றேன். பிறகு என்னைக் கடை நடுவே இழுத்துவந்து எல்லோர் முன்பும் விரட்டினான். அதற்குப் பிறகு ஏன் உள்ளே போகவில்லை என்று என்னை ஒருவர் கேட்டதில்லை. தடை போட்டது தண்டனை இல்லை மகளே. ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு மதில் கட்டிக் கொடுத்தான்.

உன் அம்மாவிடம் என்னைப் பற்றி அவன் சொன்னானா, தெரியாது. சொல்லியிருக்கமாட்டான்.

இதை வைத்து நீ என்ன செய்தாலும் தகும்.

ஃபின்டன்

*

கில்ப்ரேடி
9 பிப்ரவரி

அன்புள்ள ஞானத்தகப்பனாருக்கு,

இப்போது அன்புள்ள என்று எழுதுகிறேன், எழுத முடிகிறது. கையில் உங்கள் தாள் இருக்கிறதே.

முதலில் உங்கள் கடிதத்தை டீலியா அத்தை வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் திரும்பினேன். அது உங்களுக்குச் சுலபம். நீங்கள் பார்க்காமலே எல்லாம் முடிந்துபோகும். நீங்கள் மறுபடியும் மதிலிலேயே உட்கார்ந்திருப்பீர்கள், இந்தத் தடவை மதிலைக் கட்டிக் கொடுத்தவள் நானாக இருப்பேன்.

அவர் தாங்குவாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுபத்து நான்கு வயது. அப்பா சரிதானோ என்றும் யோசித்தேன். பிறகு ரோனன் இருமினான். இவனுக்கு ஒன்று நடந்து, எப்படி நடந்தது என்று தெரிந்தவன் எதிர் மதிலில் உட்கார்ந்து தினமும் பீர் குடித்தால்? தெரியாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது என்று இரண்டு ஆண்கள் பின்வாசலில் நின்று முடிவு செய்திருந்தால்? அந்த அம்மா இருபத்து நான்கு வருடமாகத் தினமும் காலையில் எழுந்து தப்பான ஆளை மன்னித்துக்கொண்டிருக்கிறார். அந்த உழைப்பை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது? என் அம்மாவுக்கு இனிமேல் யாராலும் ஒன்றும் திருப்பிக் கொடுக்க முடியாது. ரொட்டிக்கடை வரிசையில் நீங்கள் அவளுக்குப் பின்னால் நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நேற்று மாலை, கடை நிறைந்திருந்தபோது, மேசை மணியை அடித்தேன். அப்பா மணி அடித்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், எனக்கும் நிறுத்தினார்கள்.

“ஃபின்டன் கெரட்டி மேல அப்பா போட்ட தடைய எடுத்துட்டேன். தான் உசுரோட இருக்கற வரைக்கும்னுதான் அப்பா சொன்னாரு. ஞாயித்துக்கிழமைலருந்து அவர் உள்ள வரலாம்.”

டின்னி எழுந்து நின்று கை தட்டினார். “மலாக்கி பொண்ணுன்னா பொண்ணுதான்யா. பெரிய மனசு” என்றார். எல்லோரும் தட்டினார்கள். தடையை எடுப்பதை மட்டும் டீலியா அத்தையிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். “நல்லதும்மா. எம் பக்கத்துல உக்காரட்டும். லோர்கனோட இருந்தவன்ல அவன் ஒருத்தன்தான் மிச்சம், அவன் பேச்சு ரெண்டு கேக்கணும்” என்றார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், படத்துக்கு நேர் கீழே, உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் வராமல் இருக்கக் காரணம் ஒன்றும் கிடையாது. அதையும் அப்பாவோடு புதைத்தாகிவிட்டது, நீங்களே தோள் கொடுத்தீர்கள்.

ஞாயிறு பூசை பன்னிரண்டரைக்கு முடியும். ஒரு மணிக்கு நான் அப்பாவைப் பற்றிப் பேச எழுந்திருப்பேன். எழுந்திருக்கும் முன்பு உங்களுக்கு ஒரு கிளாஸ் கறுப்பு பீர் முக்கால் ஊற்றி, டீலியா அத்தைக்கு முன்னால் மேசை மேல் வைப்பேன். மதிலுக்கு அல்ல. அடங்க இரண்டு நிமிடம் ஆகும். அப்பா மற்ற எல்லோருக்கும் கொடுத்த இரண்டு நிமிடம் அது, உங்களுக்கு மட்டும் அவர் கொடுக்காமல் விட்டுவிட்டார்.

நுரை அடங்கும்வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடங்கிய பிறகு, நீங்கள் வந்திருந்தால் நீங்கள் சொல்லுங்கள். வராவிட்டால் உங்கள் கடிதத்தை நான் படிக்கிறேன்.

உங்கள் ஞானமகள்
டெர்வ்லா