என் பாட்டில் ஒரு கிட்டார்

மார்ச் 6, 1973. கரரோ
இசைத்தட்டு வந்தது. என் வீட்டுக்காரர் ஃபெஸ்டி படகுத்துறையிலிருந்தே அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அட்டையில உன் மூஞ்சி, சோரகா." என் முகம்தான். தலையில் நான் ஒருநாளும் போடாத சால்வை.

கேட்டோம். முதலில் கிட்டார். அப்புறம் ஒரு கும்பல் வயலின். அதற்கு அடியில் எங்கோ நான்.

மார்ச் 7
மறுபடி கேட்டேன். எதற்கு? புண்ணை நோண்டுகிற புத்தி.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடலோடு போனவனைப் பற்றிய பாட்டு. டப்ளினில் ஒலிப்பதிவின்போது கண்ணை மூடிக்கொண்டு, துணை வாத்தியம் இல்லாமல்தான் பாடினேன். சொல் இழுக்கிற இடத்தில் இழுத்து, மூச்சு தீர்ந்த இடத்தில் நின்று. இதற்குத் தாளம் கிடையாது. சொல் போகிற போக்குதான். அதை வெட்டி ஒட்டி ஒன்று–இரண்டு–மூன்று என்று நடக்கவைத்திருக்கிறார்கள். நான் மூச்சு வாங்கும் சத்தத்தையே காணோம். 'மூழ்கினான்' என்ற இடத்தில் குரல் சின்னச் சின்னதாக வளைந்து இறங்கும்; பாதி வளைவை வயலின் தின்றுவிட்டது. கடைசி வரியைப் பாடக்கூடாது, சாதாரணப் பேச்சாகச் சொல்லி முடிக்க வேண்டும். சொன்னேன். அதையும் எடுத்துவிட்டார்கள். பாட்டு முடியவே இல்லை, தேய்ந்து தேய்ந்து— சீ.

மார்ச் 9
கடைத் தொலைபேசியில் டப்ளின் ஒலிப்பதிவுக்காரன் டீர்மட்டைப் பிடித்தேன்.

"வெறும் குரலை யாரும்மா கேப்பா? கொஞ்சம் உடுத்திவிட்டோம், அவ்வளவுதான்."

"செத்தவனுக்கா?"

சிரித்தான். இன்னும் பத்துப் பாட்டு வேண்டுமாம். வைத்துவிட்டேன்.

மார்ச் 11
பப்பில் இசைத்தட்டைப் போட்டார்கள். எல்லாரும் தாளத்துக்கு மேசையைத் தட்டினார்கள். ஃபெஸ்டியும்.

மார்ச் 14
பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினேன். கால் தட்டுகிறது. என் கால். ஒன்று–இரண்டு–மூன்று. என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பு.

மார்ச் 18
பெகீன் வந்தாள். அவள் புருஷன் பார்ட்லியைப் போன குளிர்காலத்தில் கடல் கொண்டுபோனது.

"பாட்டு நல்லாருக்குடி. ரொட்டிக்கு மாவு பிசையறப்ப போட்டுக்கறேன்."

மாவு பிசையவா? கேட்டேவிட்டேன். "அது என்ன பாட்டுன்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன. பார்ட்லி துக்கத்துல நீ அதைப் பாடினப்ப என்னால அங்க நிக்கவே முடியல. இதுல ஒருத்தன் சாகறதே தெரியலடி. அதான் போட்டுக்கறேன்."

அவளுக்காவது உதவுகிறதே என்று நினைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. சாவைத் தெரியாமல் பண்ணுகிற பாட்டு, அதுவும் என் குரலில். அருவருப்பு இன்னும் போகவில்லை. பெகீன் மேல் இல்லை.

மார்ச் 20
டீர்மட்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஃபெஸ்டி முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 1
பெகீன் ஆள் அனுப்பினாள். மதியம் போனேன். சாப்பிட்ட தட்டு அப்படியே கிடந்தது. ஒரு தட்டுதான்.

"காலையில அதைப் போட்டுக்கிட்டு நானே கூடச் சேர்ந்து பாடறேன்டி. சந்தோஷமா. அப்புறம் பார்ட்லியோட நாற்காலி கண்ணுல பட்டுது. போதும். நீ பாடற மாதிரி பாடு."

பாடினேன். கால் அசையவில்லை. பாதியில் பெகீன் எழுந்து வெளியே போனாள். நானும் நிறுத்திவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "நிறுத்தாதடி. இங்கதான் நிக்கறேன்."