இடது பெட்டியின் சிவப்பு நூல்

பாப்பா, உன் ஸ்பீக்கர் பாடுகிறதுடி, நிஜமாகவே பாடுகிறது, அதில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் முழுக்க முழுக்க என்னுடையது, அதைச் சொல்லத்தான் தையல் மெஷினைப் பாதி மடிப்பில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்!

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இந்தத் தடவை எனக்கு வாய் கூசுகிறது, இருந்தாலும் பெற்றவள் கேட்காமல் இருக்க முடியுமா, எப்படிடி இருக்கிறாய்? போனில் சொன்னால் நீ "சரிம்மா"ன்னு வைத்துவிடுவாய், எங்கள் ஸ்பீக்கர் பைத்தியங்களின் குரூப்பில் எழுதுகிற மாதிரி போனில் தட்டினால் என் விரல் மூளைக்கு முன்னால் ஓடிவிடும், அதனால்தான் பேப்பரும் பேனாவும். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன், தபாலிலும் போடுவேன். பாதியில் கிழித்துப் போடத் தோன்றினால் கிழித்துக்கொள், ஆனால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

நீ அனுப்பிய ஸ்பீக்கர் பார்சல் வந்த அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தை அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். பெட்டியைப் பிரிக்கும்போதே மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், மூலைகளை நீ இழைத்திருந்த அழகுக்கு நகம்கூட மாட்டவில்லை. பழைய ஸ்பீக்கர் இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உன்னுடையதை அதே இடத்தில் வைத்து, அதே கேபிளை எடுத்து மாட்டினேன். கேபிளை ஏன் மாற்ற வேண்டும், அது நானே செய்தது ஆயிற்றே, கறுப்பு வெல்வெட்டில் உறை தைத்து, முனையில் சிவப்பு நூல் சுற்றியது சிவப்புத் திருகுக்கு, கறுப்பு நூல் சுற்றியது கறுப்புத் திருகுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற மாதிரி வைத்திருந்தேன். மாட்டி, பாட்டைப் போட்டேன். ஐயோ பாப்பா, பாடுகிறவள் எங்கே நின்று பாடுகிறாள் என்றே தெரியவில்லை, ஒரு சமயம் ஜன்னல் பக்கம், ஒரு சமயம் என் பிடரிக்குப் பின்னால். டிரம் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்டது. எனக்கு முகம் விழுந்துவிட்டது.

நாலு நாள் நான் செய்யாத வித்தை இல்லை. சோபாவை முன்னால் இழுத்தேன், பின்னால் தள்ளினேன், அப்பா வேலையிலிருந்து வந்து பழைய ஞாபகத்தில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். மெல்லிசு கர்ட்டனைக் கழற்றிவிட்டுக் கனமானதைப் போட்டேன், அதற்கு மேல் இன்னொன்றும் போட்டேன், வீடு பட்டப்பகலில் சினிமா கொட்டகை மாதிரி ஆனது. நம்முடைய சின்ன ஆம்பிளிபயருக்கு இந்த ஸ்பீக்கரை ஓட்ட சக்தி போதவில்லை, ஜோடி பொருந்தவில்லை என்று முடிவு கட்டி, நம்முடைய வாடிக்கையாளர் ஒருத்தரிடம், அவர் வீட்டுப் பாட்டு ரூமுக்குத் திரை தைக்கப் போய்த்தானே எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது, அவரிடம் கெஞ்சி ஒரு பெரிய ஆம்பிளிபயரை இரவல் வாங்கி வந்தேன். அதிலும் அதே கதைதான், சத்தம் மட்டும் கூடியது. அன்றைக்குத்தான் நீ போன் செய்து "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "சூப்பர்டி"ன்னு சொல்லிவிட்டு அந்தப் பக்கம் குளிரா என்று பேச்சை மாற்றினேன். நீ "அவ்வளவுதானா?"ன்னு கேட்டாய். குக்கர் சத்தம் வருகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

நீ எதையோ சொல்ல வந்தாய் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நீ மரவேலைதான் செய்கிறாய், சத்தத்தைத் தீர்மானிக்கிறவர் உங்கள் ஸ்பீக்கர் பட்டறையில் வேறு யாரோ ஒருத்தர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "எங்க பட்டறையில புதுசா வரப்போறது"ன்னு மட்டும்தானே நீ சொல்லியிருந்தாய். அதனால்தான் அன்றைக்கே குரூப்பில் எழுதினேன். இது சமாதானம் இல்லை பாப்பா, நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன், அவ்வளவுதான். குரூப்பில் எனக்குப் பெயரே கர்ட்டன் ராணி, ராணி எழுதினால் ஐந்நூறு பேர் படிப்பார்கள், ராணி யாருக்கும் பயப்பட மாட்டாள், ராணி உள்ளதை உள்ளபடி சொல்வாள் என்று அவர்கள் ஏற்றிவிட்டதில் எனக்குத் தலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. கம்பெனிப் பெயரைப் போடவில்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன், ஆனால் போட்டோ போட்டேன், போட்டோவில் பின்பக்கத்தில் உங்கள் பட்டறை முத்திரை பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நான் எழுதிய அந்த ஒரு வரியை மறுபடி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை மற்றவர்கள் முன்னால் கேட்டிருக்கிறாய்: "இந்தப் பெட்டியைச் செய்தவருக்கு மரம் தெரிகிறது, காது மட்டும் இல்லை." அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சிரித்தேனடி.

கீழே ஒரே ஒருத்தர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், குரூப்பில் நட்டு போல்ட்டு என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், அவர் மட்டும் "ராணியம்மா, ஒயர் இடம் மாறியிருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்களேன்"ன்னு பணிவாகக் கேட்டார். நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "எனக்கே ஒயரா? நீங்க முதல்ல உங்க கடை போர்டுல எரியாத பல்பை மாத்துங்க சார்"ன்னு போட்டேன். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் உன் போன். உங்கள் முதலாளியம்மா என் போஸ்டை எல்லாரையும் நிற்க வைத்துப் படித்துக் காட்டினார்கள், முதல் இருபது ஜோடிக்கு அறுத்து வைத்த பலகையைத் திரும்ப அடுக்கில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள், மாத முடிவில் இந்த மாடலை வைத்துக்கொள்வதா கைவிடுவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்று நீ செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னாய். நான் "யாரு செஞ்ச மாடல்டி அது?"ன்னு கேட்டேன். நீ சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "அந்தக் காது இல்லாதவ நான்தாம்மா. நல்லா எழுதியிருக்க." அதற்குப் பிறகு போன் வைத்த சத்தம்.

மூன்று நாள் நான் ஒரு பாட்டும் போடவில்லை. பல் டாக்டர் கிளினிக்குக்குப் பன்னிரண்டு திரை தைக்க வேண்டியிருந்தது, தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன், இரண்டு திரைக்கு மடிப்பைத் திருப்பி அடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். நேற்றுக் காலையில் அப்பாவுக்கு விடுமுறை. அவருக்குத் தூசி ஆகாதல்லவா, துணியை எடுத்துக்கொண்டு ஹாலைத் துடைத்தவர், மகள் செய்தது சும்மா நிற்கிறதே என்று பாட்டையும் போட்டிருக்கிறார். துடைக்கிற வேகத்தில் ஆம்பிளிபயரில் வலது இடது சத்தத்தைப் பிரிக்கிற குமிழை ஒரே பக்கமாகத் திருகிவிட்டார் போல. உடனே அங்கிருந்து ஒரு சத்தம்: "ஏம்மா, இங்க வா, இத கேளு. ஒண்ணு மட்டும் பாடும்போது டிரம் இருக்கு. ரெண்டும் சேர்ந்து பாடினா டிரம்மக் காணோம். ரெண்டும் சண்டை கிண்டை போட்டுக்குதா?" இருபத்திரண்டு வருஷமாக பஸ் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற மனுஷன், "உங்க காதுக்கு ஹாரன் மட்டும்தான் கேக்கும்"ன்னு நான் வாரத்துக்கு மூன்று தடவை கேலி செய்கிற மனுஷன்! அவர் காதுக்குத்தான் கேட்டது பாப்பா. சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் டிரம் எங்கே நிற்கும்? புதிதாக குரூப்புக்கு வருகிறவர்களுக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது.

கத்தரிக்கோலை எடுத்து வந்து இடது பக்கத்துக் கேபிளின் வெல்வெட்டைக் கிழித்தேன். சிவப்பு நூல் மாறி இருந்தது, ஆம்பிளிபயர் பக்கம் ஒரு ஒயரில், ஸ்பீக்கர் பக்கம் அதற்கடுத்த ஒயரில். அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்தபோது பழைய இடது ஸ்பீக்கர் கரகரத்தது, யூடியூப் பார்த்து நானே திறந்து ரிப்பேர் செய்தேன், நினைவிருக்கிறதா? மூடின பிறகு உள்ளே ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. மறுபடி பதினாறு திருகைக் கழற்றச் சோம்பல். கேபிளில் மாற்றிக் கட்டினால் போயிற்று என்று நூலை இடம் மாற்றிச் சுற்றி, மேலே வெல்வெட்டைத் தைத்து மூடிவிட்டேன். உள்ளே ஒரு தப்பு, வெளியே ஒரு தப்பு, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் பாடின. ஒரு தப்பும் இல்லாத உன் பெட்டி வந்ததும் என் தப்பு மட்டும் தனியாக நின்றது. நான் அதற்கு உன் பெயரை வைத்துவிட்டேன்.

ஒயரைச் சரியாக மாட்டி, இரவல் ஆம்பிளிபயரை எடுத்துவிட்டு நம்முடைய சின்னதையே வைத்து, இரட்டைக் கர்ட்டனையும் கழற்றி, சோபாவைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள். மூச்சு இழுக்கிறது கேட்டது. டிரம் என் நெஞ்சில் வந்து தட்டியது. அப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இந்தச் சின்ன ஆம்பிளிபயருக்கு, சுவரை ஒட்டி வைக்கிற இந்த இடத்துக்கு, என்னுடைய இந்த மெல்லிசுத் திரைக்கு, அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது, எப்படிடி என்று நினைக்கும்போதே அழுகை வந்துவிட்டது. போன வருஷம் பூராவும் நீ போனில் "சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் எத்தனை சாண்மா?", "ஜன்னல்ல இப்ப எந்தத் துணி?", "அந்தப் பழைய ஆம்ப் இன்னும் இருக்கா?"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தாயே. பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது, பாவம் என்று அப்பாவிடம் சொன்னேன். நீ அளவு எடுத்துக்கொண்டிருந்தாய். காது இல்லாதவள் யார் என்று இப்போது சொல்லு.

கேள், நேற்றே குரூப்பில் எழுதிவிட்டேன். பழைய போஸ்டை அழிக்கவில்லை, அழித்தால் தப்பித்த மாதிரி ஆகும், அதற்கு மேலேயே கிழித்த கேபிளின் போட்டோவைப் போட்டு, தப்பு என் ஒயரில், பெட்டியில் இல்லை என்று எழுதினேன். நட்டு போல்ட்டிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், அவர் "பல்ப மாத்திட்டேன்மா"ன்னு மட்டும் போட்டார், எனக்கு மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. கேலி வண்டி வண்டியாக வருகிறது, வரட்டும். ஆனால் ஒன்றை மட்டும் எழுதவில்லை, இதைச் செய்தவள் என் மகள் என்பதை. எழுதினால் அம்மாக்காரி மகளுக்காகப் புரட்டிப் பேசுகிறாள் என்பார்கள், நீ பட்ட பாடு இன்னொரு தடவை மண்ணாகும். எழுதாவிட்டால் நான் மறுபடி மறைக்கிறேன். என்ன செய்வது என்று அப்பாவிடமே கேட்டேன். அப்பாதான் சொன்னார், "நீ எழுதி எழுதிதான் இந்த வினை. இனிமே கொஞ்ச நாள் நீ எழுதாத. அவங்கள வீட்டுக்கு வரச் சொல்லு, கேட்டுட்டு அவங்க எழுதட்டும்." அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் குரூப்பிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். ஒயர் மாட்டப் போகிறது நட்டு போல்ட்டு. நான் கை வைக்க மாட்டேன், வாய் திறக்க மாட்டேன், டீ மட்டும் கொடுப்பேன். நல்லதோ கெட்டதோ கேட்டதை அவர்கள் எழுதுவார்கள், உங்கள் முதலாளியம்மா அதைப் படிக்கட்டும். அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, உட்காருவதற்கு முன்னாலேயே, செய்தவள் என் பெண் என்று சொல்லிவிட ஆசைப்படுகிறேன், தாட்சண்யம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நட்டு போல்ட்டு பார்க்க மாட்டார். ஆனால் நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உன்னைக் கேட்காமல் இனி உன்னைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன், பேச மாட்டேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ரூட் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இப்போது மேடு இல்லாத ரோடு. மாடிப்படிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், என் சேலையிலும் அடித்திருக்கிறார்கள். நீ மரம் இழைக்கும்போது மூக்குக்கு மாஸ்க் போட மறக்காதே, தூசி ஆகாதது உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அந்த இருபது ஜோடிப் பலகை அடுக்கிலிருந்து சீக்கிரம் இறங்கட்டும், உன் கை நன்றாக இருக்கட்டும், உன் காதும் நன்றாக இருக்கட்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பு இருந்தால் அது பூராவும் உனக்குத்தான்.

என்னை மன்னித்தேன் என்று நீ எழுத வேண்டாம், அது உனக்கு எப்போது வருகிறதோ அப்போது வரட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு பதில் போடு, இது மட்டும் எனக்குத் தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அவர்களுக்கு முதலில் எந்தப் பாட்டைப் போட? அந்தப் பெட்டியைச் செய்யும்போது நீ எதைக் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தாய்? அதைச் சொல்லு, அதையே போடுகிறோம்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா