மஞ்சள் நகல்

17 ஆகஸ்ட் 2004, செவ்வாய்

எங்கள் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தரும் மண்ணூர் யூனிட்டுக்கு இன்று ஆடிட் போனேன். பெண்கள் ஹாஸ்டல் கதவில், வெளிப்பக்கம் பூட்டு.

"எல்லாம் சேஃப்டிக்குத்தான் மேடம். வயசுப் பொண்ணுங்க, இன்னா பண்றது?" என்றார் சூப்பர்வைசர்.

அவர் எதிரில், தென்காசிப் பெண் செல்வி நான் பேட்டியில் எதைக் கேட்டாலும் "குறை ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு நான் குழாயடியில் கை கழுவும்போது அவளே வந்து நின்றாள்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டப் பிடுங்கி வச்சிருக்காவ அக்கா. ஊருக்குப் போணும்னா தரமாட்டேங்காவ. எம்பேர மட்டும் சொல்லிராதீய."

தலையாட்டினேன். வந்த கோபத்தில் அதை அப்படியே அவளுடைய பேட்டிப் படிவத்தில் எழுதினேன். ஆடிட் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி, மஞ்சள் கார்பன் நகலைக் கிழித்துக் கொடுப்பது வழக்கம். கொடுத்தேன். அவர் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் தாளைப் பிரித்தபோதுதான் உறைத்தது. பேட்டி தொடங்கும்போதே உச்சியில் செல்வியின் பெயரையும் டோக்கன் எண்ணையும் எழுதியிருக்கிறேன். முட்டாள்.

யூனிட்டுக்குப் போன் செய்தேன். வாட்ச்மேன் எடுத்தார். "சூப்பர்வைசர் இப்பத்தான் ஹாஸ்டல் பக்கம் போனாரு மேடம். கையில ஏதோ மஞ்ச பேப்பர் வெச்சிகினு இருந்தாரு."

ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை. அந்தப் பூட்டின் சாவி சூப்பர்வைசரிடம்தான் இருக்கிறது.