முடிச்சா, கையா?

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டு, "அதுவா வளைஞ்சிடுச்சும்மா" என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்த்திக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கத் தூண்டில் முள். தம்பி தன் படகுக்குப் புதுத் தூண்டில் நரம்பு வாங்கியிருக்கிறான். வழக்கமான நைலான் இல்லை. மெல்லிய இழைகளைப் பின்னியது, பட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது. சனிக்கிழமை மீன்பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போகிறானாம். முதுகுவலியால் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை விட்ட பிறகு, அந்தப் படகுக்கு முள் கட்டிக் கொடுப்பது ஒன்றுதான் இவருக்கு மிச்சம்.

நான் உள்ளே நுழைந்ததும் இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டார். குளிருதா என்றேன். "ஆமா" என்றார். நெற்றியில் வியர்வை.

மார்ச் 6, வியாழன்

இன்னும் கட்டி முடிக்கவில்லை. உதவட்டுமா என்று கேட்டேன். "உன் வேலையப் பாரு." சரி.

மார்ச் 8, சனி

படகில் அடிபட்டுவிட்டது. எஞ்சின்காரருக்கு.

வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு வானொலி என்று பெயர். தூண்டில் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதாம். நரம்பைக் கட்டையில் சுற்றி முழுப் பலத்தோடு இழுத்திருக்கிறார். முள்ளைக் கட்டியிருந்த முடிச்சு உருவிக்கொண்டது. அதற்கு மேலே கோத்திருந்த ஈயக்குண்டு கவண்கல் மாதிரி பறந்து வந்து புருவத்தைப் பிளந்துவிட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண்! நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பிழைக்கிறவள் நான்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தையல் போட்டிருக்கிறார்கள், பார்வைக்கு ஒன்றுமில்லையாம். ஆனால் மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். உட்காரவில்லை. நரம்பின் நுனியை மேசையில் வைத்தான்.

"அத்தான், அறுந்திருந்தா நுனி பஞ்சு மாதிரி பிரிஞ்சிருக்கும். இதப் பாருங்க, வெட்டி வச்ச மாதிரி அப்படியே இருக்கு. முடிச்சுதான் உருவியிருக்கு."

"பாறை அறுத்திருக்கும்."

"அத்தான்—"

"இத்தனை வருஷத்துல என் முடிச்சு உருவுச்சுன்னு எவனாவது சொல்லியிருக்கானா? சொல்லுடா!"

தம்பி இவருடைய வலது கையைப் பார்த்தான். இவர் அதை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கினார். நானும் பார்த்தேன். யாரும் எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் சாப்பிடவில்லை. ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

தம்பி கடைக்கே போன் செய்தான். "அக்கா, கோவிச்சுக்காத. இனிமே வேற ஆளை வச்சுக் கட்டிக்கிறேன். அத்தான் கை நடுங்குது. உனக்குத் தெரியாதா என்ன?"

தெரியும். கோப்பை தட்டில் கடகடப்பது கேட்காதா? சாவித் துவாரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாவி தேடுவது தெரியாதா? கேட்டால் எரிந்து விழுவார் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை மறுபடி ஆளுங்க வர்றாங்க. இன்னொருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார் முகத்துல முழிக்கிறது?" அவன் சொல்வதும் நியாயம்தான். கொஞ்சம் பொறு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? இந்த வேலையும் போனால் இவர் அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நைலானில் இவர் கட்டியது இப்போதும் நன்றாகத்தானே நிற்கிறது? போன மாதம்வரை ஒரு புகார் இல்லையே. அப்படியானால் உருவியது கையாலா, முடிச்சாலா?

மார்ச் 11, செவ்வாய்

மதிய இடைவேளையில் துறைமுகத்துத் தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எந்த முடிச்சு போடுறார் உங்க வீட்டுக்காரர்?"

காட்டினேன். நரம்பை முள்ளின் காதில் ஒரு தடவை கோத்து, தன்மேலேயே சுற்றி, நுனியை அடியில் நுழைத்து இழுப்பது.

"நைலானுக்கு அது தங்கமான முடிச்சும்மா. பின்னல் நரம்பு வழுக்கும், அதுல பிடிக்காது. ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் சேருமா?"

வேறு இரண்டு கட்டிக் காட்டினார். ஒன்றில் சின்ன வளையத்துக்குள் நுனியை மறுபடி மறுபடி விட்டு எடுக்க வேண்டும். அழகான முடிச்சு. ஆனால் இவர் விரல் அதில் தடுமாறும். இன்னொன்று சுலபம்: நரம்பை இரட்டையாக மடித்துக் காதில் நுழை, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போடு, மிஞ்சிய வளையத்துக்குள் முள்ளையே விட்டு எடு, இறுக்கு. அவ்வளவுதான்.

"எது பலம்?" என்றேன்.

"ரெண்டும் நிக்கும். கட்டுறவங்க கைக்கு எது வாகோ அதை எடுத்துக்கோங்க."

அந்தம்மாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டதோ? கேட்கவில்லை. தம்பிக்கு போன் செய்து, முள் நம் வீட்டிலிருந்துதான் வரும் என்றேன். "உன் பொறுப்புக்கா" என்றான்.

மார்ச் 12, புதன்

அரை நாள் விடுப்பு. இவர் நடக்கப் போன நேரம் பார்த்து ஜன்னல் கம்பியில் முள்ளை மாட்டினேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை. இவருடைய முடிச்சை நானே பின்னல் நரம்பில் போட்டு இழுத்தேன். முதலில் நின்றது. இன்னும் இழுத்தேன் — மெல்ல நகர்ந்து, நழுவி, சட்டென்று உருவிக்கொண்டது. மறுபடி கட்டினேன். மறுபடியும்.

திரும்பினால் வாசலில் இவர்.

"என்ன பண்ற? என் முடிச்சைச் சோதிச்சுப் பாக்குறியா? நீயுமா?"

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "உங்க முடிச்சு இல்லீங்க! நான் கட்டினது. என் கைதான். என் கை நடுங்குதா? பாருங்க, நடுங்குதா? எனக்கும் உருவுது! இந்த நரம்புல யார் கட்டினாலும் உருவும்!"

கம்பியில் தொங்கிய முள்ளைப் பார்த்தார். அருகில் வந்து நரம்பை விரலில் உருட்டினார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குமா உருவுது?"

"ஆமாங்க."

"நான் கைதான் போச்சுன்னு..." தன் கையைத் திருப்பிப் பார்த்தபடி, "அன்னைக்கு அந்த ஆளோட கண்ணு போயிருந்தா?" என்றார். இத்தனை நாளும் அதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாரா!

அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. "முடிச்சு வேற, கை வேற. கை நடுங்குறது நெசம்தான். டாக்டர்கிட்ட காட்டணும்" என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

மேசையில் உட்கார்ந்து புது முடிச்சைப் போட ஆரம்பித்தேன். இவர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு. நான் ஒன்றை இறுக்கும்போது, "எச்சிலத் தொட்டு இறுக்கு. காய்ஞ்சு உரசினா நரம்பு பொசுங்கிடும்" என்றார்.

நேற்றைய பேச்சுக்குப் பிறகு இவர் தானாகப் பேசியது அதுதான். பிறகு ஒரு முள்ளை எடுத்தார். வளையம் நழுவியது. மறுபடி எடுத்தார். நான் தலையைத் தூக்கவே இல்லை. கட்டியதையெல்லாம் ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போட்டோம். என்னுடையது ஒன்று கோணல் என்று பிரிக்கச் சொன்னார். வாத்தியார் வேலை வேறு!

மார்ச் 15, சனி

படகு மதியமே திரும்பியிருக்க வேண்டும். போன் எடுக்கவில்லை. இவர் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வானொலி வேறு தையலோடு போயிருக்கிறார்.

வெயில் சாய்ந்த பிறகு கதவு தட்டும் சத்தம். தம்பி. பின்னாலேயே வானொலி. முகத்தைப் பார்த்தேன், புதுக் காயம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு முள்ளை எடுத்து இவர் முன்னால் வைத்தான். வளைந்த முள் ஆணி மாதிரி நிமிர்ந்து கிடந்தது. அதன் காதில் முடிச்சு மட்டும் கட்டினபடி.

"எவ்ளோ பெரிய மீனுன்னு தெரியல அத்தான். படகையே திருப்பிடுச்சு. அதோட மல்லுக்கட்டித்தான் இவ்ளோ நேரம். முள்ளு நிமிர்ந்து மீனு போயிடுச்சு. முடிச்சு அசையல."

"மீனு போனதுக்கு ஊரே அழுவுது, இவரு ஒருத்தர்தான் சிரிக்கிறாரு பாருங்கக்கா!" என்றார் வானொலி. ஒலிபரப்பு திரும்பிவிட்டது.

இவர் சிரித்தபடியே அவர் புருவத்தைப் பார்த்தார். பிறகு, "முடிச்சு வழுக்கும்னு எனக்குத் தெரியலீங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அது யார் கட்டிய முள் என்று தம்பி கேட்டான். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் இவர் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் கூப்பிடுவதற்குள் இவரே சமையலறைக்கு வந்து நின்றார், சட்டை திறந்தபடி.

"பொத்தான் போட்டு விடு. எனக்கு வர மாட்டேங்குது."

கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். இவர் கையைப் பின்னால் மறைக்கவில்லை. பக்கத்தில் அதுபாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.